முந்நூறு ரூபாய்க்குள் ஒரு கள்ளிச்செடி

கோர்படி, புனே
29 டிசம்பர் 2024, ஞாயிறு

அன்புள்ள வைஷாலிக்கு,

நானும் உன் அம்மாவும் உடலளவில் நலம். கால்கரியின் பனியில் நீயும் அவ்வாறே இருப்பாய் என நம்புகிறேன். மனநலத்தை விசாரிக்கும் நிலையில் நான் இப்போது இல்லை. என் குறைகளைத் தேதிவாரியாக முதலில் எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் அம்மாவின் முட்டிவலி, தண்ணீர் டேங்கர் என்று கடிதம் வழக்கம்போல் வேறு பக்கம் போய்விடும்.

1. நவம்பர் 24: நம் குடியிருப்பின் ஆண்டிறுதி விருந்தில் சீட்டுக் குலுக்கிப் பரிசு மாற்றிக்கொள்ளப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், யாரும் கேட்காமலே உன் அலுவலக வழக்கப்படி விதிமுறைகள் எழுதிச் செயலாளர் கிட்டுவுக்கு அனுப்பினாய். பரிசு முந்நூறு ரூபாய்க்குள் இருக்க வேண்டும், சிரிப்பு வரவழைக்க வேண்டும், கொடுத்தவர் பெயர் இருக்கக் கூடாது. பெற்றவர் எல்லோர் முன்னிலையிலும் பிரித்து, மைக்கில் இரண்டு வாக்கியம் பேசி, கொடுத்தவர் யார் என்று ஊகிக்க வேண்டும்.

2. டிசம்பர் 1: எனக்கு விழுந்த சீட்டு நம் பக்கத்து வீட்டுக் கலியன் என்று சொன்னேன். அவரைப் பற்றி ஒரு கேள்விகூட நீ கேட்கவில்லை.

3. டிசம்பர் 8: நான் வாங்கி வைத்திருந்த காந்தச் சதுரங்கப் பலகையை வீடியோ அழைப்பில் காட்டினேன். ‘அப்பா, அதைக் குடுத்து என் மானத்தை வாங்காதீங்க, ரூல்ஸ் எழுதினதே நான், நானே ஃபன்னா ஒண்ணு அனுப்பறேன்’ என்றாய். உன் அம்மாவும் பின்னாலிருந்து, ‘இவருக்கும் விளையாட்டுக்கும் என்னடி சம்பந்தம்’ என்று சேர்ந்துகொண்டாள்.

4. டிசம்பர் 17: பார்சல் வந்தது. பிரிக்க வேண்டாம், அதிலேயே காகிதம் சுற்றி வருகிறது, சர்ப்ரைஸ் போய்விடும் என்று செய்தி அனுப்பினாய்.

5. டிசம்பர் 22: கீழே விரிவாக.

6. டிசம்பர் 23: நடந்ததைத் தொலைபேசியில் சொன்னபோது, நீ சொன்னது இது: ‘அங்கிளுக்குத் திக்குமா? எனக்கு ஞாபகமே இல்லையேப்பா.’ இருப்பவற்றில் இதுவே பெரிய குற்றம் என்று அன்று கருதினேன்.

ஏழாவதாக ஒன்று உண்டு. அது உன் மீதானது அல்ல. அதன் இடம் வரும்போது எழுதுகிறேன்.

தமிழில் ஏன் எழுதுகிறேன் என்று நீ சலித்துக்கொள்வாய். ஆங்கிலத்தில் எழுதினால் வேலைக்கு நடுவே ஒரு நிமிடத்தில் ஓட்டிவிடுவாய். தமிழை நீ எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறாய். இதை மெதுவாகப் படிக்க வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

பதினாறு ஆண்டுகளாக நம் பக்கத்து வீட்டில் இருப்பவர் கலியன். ரயில்வேயில் சரக்கு வண்டிக் கார்டு. சிறுவயது முதல் திக்குவாய். அதை அவர் ஒருபோதும் மறைத்ததில்லை, ஆனால் அதற்கு வேலை வைத்ததும் இல்லை. நாலு பேர் கூடும் இடத்தில் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். அவர் மகள் தேஜஸ்வினிக்கு ஜனவரி 19 அன்று நிச்சயதார்த்தம் என்பது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அன்று சபையில் லக்னப் பத்திரிகையைப் பெண்ணின் தகப்பனாகத் தாமே வாசிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்காக ஆறு மாதமாக வாரம் இரு முறை பேச்சுப் பயிற்சிக்குப் போகிறார். வாசகத்தை எழுதி நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார். காலை நடை முடிந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் எனக்குப் படித்துக் காட்டுவார். ஜூனில் முதல் வரியைக் கடக்கவே நீண்ட நேரம் பிடித்தது. டிசம்பரில் தேங்காமல் முழுப் பக்கமும் வந்தது. அதன் பிறகு சதுரங்கம் ஆடுவோம். காற்றடித்தால் காய்கள் உருண்டோடும். தொலைந்த இரண்டு சிப்பாய்களுக்குப் பதிலாக ஒரு பாட்டில் மூடியும் ஓர் இருமல் மிட்டாயும் ஆறு மாதமாகப் போரிட்டு வருகின்றன. அந்த மிட்டாயை யார் தின்றுவிடுவது என்பதே எங்களுடைய தினசரி வேடிக்கை. காந்தப் பலகை, இருநூற்று அறுபது ரூபாய், எங்கிருந்து முளைத்தது என்று இப்போது புரிகிறதா? எனக்கும் விளையாட்டுக்கும் இருந்த சம்பந்தம் அதுதான்.

இருபத்திரண்டாம் தேதி காலையில் அவராகவே சொன்னார், இன்று மைக்கில் பேசப் போகிறேன், பத்தொன்பதாம் தேதிக்கு இது ஒத்திகை என்று. உன் விதிமுறைப்படி இரண்டு வாக்கியங்களைத் தயாரித்தும் வைத்திருந்தார். மாலை விருந்து நன்றாகவே தொடங்கியது. எதிர்வீட்டு வேதநாயகி அம்மாள், வாரம் ஒரு முறை வண்டிச் சாவியைத் தொலைக்கும் கிட்டுவுக்கு, ஆட்டுக் கழுத்தில் கட்டும் மணி ஒன்றைச் சாவிக்கொத்தில் கோத்துக் கொடுத்திருந்தார். நாற்பது ரூபாய் இருக்கும். கிட்டு அதை ஆட்டிப் பார்த்துவிட்டு, ‘இனிமே ஹிஞ்சேவாடி டிராஃபிக்ல ஹார்ன் வேண்டாம், இதுவே போதும்’ என்றான். கூடத்தில் முதலில் சிரித்தவன் அவனே. இதை நினைவில் வைத்துக்கொள்.

அடுத்து கலியன் எழுந்தார். காகிதத்தைக் கிழிக்காமல், ஒட்டுநாடாவை நகத்தால் எடுத்து, பொறுமையாகப் பிரித்தார். உள்ளே பச்சை வெல்வெட்டில், தொப்பி வைத்த ஒரு கள்ளிச்செடி பொம்மை. கழுத்தில் நீ எழுதச் சொல்லியிருந்த அட்டை: என்னை அழுத்திவிட்டு என்னோடு பேசுங்கள். அவர் எதையும் விதிப்படி செய்கிறவர், அழுத்தினார். கிட்டு மைக்கை நீட்டினான். முதல் வாக்கியம், எல்லோருக்கும் வணக்கம் என்பது, சுத்தமாக வந்தது. பெருமையோடு என்னைப் பார்த்தார். இரண்டாவது, ‘கொடுத்தவர் யாரென்று எனக்குத் தெரியும்’ என்பது. நான்தான் என்று ஊகித்திருந்தார். முதல் எழுத்திலேயே நின்றுவிட்டது. நான்கு முறை முயன்றார். அவர் மூச்சு வாங்க நிறுத்திய இடைவெளியில் அந்தப் பொம்மை இடுப்பை வளைத்து ஆடிக்கொண்டே, அவர் திக்கியதை நான்கு முறையும் அப்படியே, குழந்தைக் கீச்சுக் குரலில், மைக் வழியாகக் கூடம் முழுவதற்கும் திருப்பிச் சொன்னது.

கூடம் சிரித்தது. நிலைமையைச் சமாளிப்பதாக நினைத்து கிட்டு, ‘அங்கிள், செடியும் உங்க ஃபேன் ஆயிடுச்சு’ என்றான். கலியன் பொத்தானைத் தேடினார், கிடைக்கவில்லை. மஃப்ளரால் அதைச் சுற்றினார். அது அதற்குள்ளிருந்தபடியே, கூடத்தின் சிரிப்பையும் பதிந்து திருப்பிச் சிரித்தது. பொம்மைக்குப் பக்கத்தில் இருப்பவன் குரல்தான் அதில் பெரிதாகக் கேட்கும். முதல் வரிசையில், அவர் நாற்காலிக்கு அடுத்ததில் உட்கார்ந்திருந்தவன் நான். ஏழாவது குறை இது: டிசம்பர் 22, நான் சிரித்தேன். கீச்சுக் குரலில் திரும்பி வந்தும் அது என் சிரிப்பு என்று எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது. என் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, பொம்மையை அணைத்துப் பிடித்தபடி வெளியே போய்விட்டார்.

முப்பது ஆண்டுகளாகத் தொழிற்சாலையில், முத்திரை வைக்கும் முன் பெட்டியைத் திறந்து பார்ப்பதே என் உத்தியோகம். உன் ஒரு செய்திக்குக் கட்டுப்பட்டு ஒரு பெட்டியைத் திறக்காமல் விட்டேன். ஆகவே உன்னை மட்டும் குற்றம் சாட்டுவதாக நினைத்து அழத் தொடங்காதே, எனக்கு அதற்கு நேரமில்லை. மலிவான பரிசு குற்றமில்லை, வேடிக்கையான பரிசும் குற்றமில்லை. வாங்கும் முன் ஒன்றே ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: முதலில் சிரிக்கப் போவது யார்? பெறுகிறவர் என்றால் வாங்கு. மற்றவர்கள் என்றால் முந்நூறு ரூபாய் அல்ல, மூன்று ரூபாயும் அதிகம்.

அதன் பிறகு நான்கு நாள் அவர் நடைக்கு வரவில்லை. அவர் மனைவி ஆனந்தவல்லி மாடியில் துணி உலர்த்தும்போது உன் அம்மாவிடம், ‘பத்திரிகையை என் அண்ணனே படிக்கட்டும்னு சொல்லிட்டாரு அக்கா, பையிலேருந்து அந்தப் பேப்பரையே எடுத்துட்டார்’ என்றாராம். உன் அம்மா அன்று சாப்பிடவில்லை. இரத்த அழுத்த மாத்திரையையும் மறந்துவிட்டாள். டேங்கர் இரண்டு நாளாக வரவில்லை என்பதைக்கூட நேற்றுத்தான் கவனித்தோம்.

வெள்ளிக்கிழமை காந்தப் பலகையை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கள்ளிச்செடி அலமாரிமேல் மின்கலம் கழற்றப்பட்டு நின்றது. தூக்கி எறிவதும் அவருக்கு விதிப்படி ஆகாது போலும். மூன்று ஆட்டம் ஆடினோம். நான்காவதில், சிரித்தது தவறு என்று சொன்னேன். ஒரு காயை நகர்த்திவிட்டு, வெகுநேரம் எடுத்து, ‘எல்லாரும் சிரிச்சாங்க சார். உங்களை மட்டும்தான் நான் எதிர்பார்க்கலை’ என்றார். யார் தேர்ந்தெடுத்த பரிசு என்று கேட்டார். உன் அலட்சியத்துக்குச் சாட்சியாகவே, தொலைபேசியில் நீ சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். அவர் கையில் குதிரை இருந்தது. அதை வைக்கவில்லை. பாப்பாவுக்கு ஞாபகமே இல்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். உள்ளே திரும்பி, ‘ஆனந்தி, பாப்பாவுக்கு எனக்குத் திக்கும்னே ஞாபகம் இல்லையாம்’ என்று சொன்னார். பிறகு என்னிடமே மறுபடியும் கேட்டார்.

உன் பத்தாம் வகுப்புத் தேர்வின்போது நான் வெளியூரில் இருந்தேன். இரண்டு வாரமும் தம் ஸ்கூட்டரில் உன்னைக் கொண்டுபோய் விட்டவர் அவர். வழி முழுவதும் இருவரும் பேசிக்கொண்டே போவீர்களாம். அவர் திக்கியிருக்கிறார், நீ கேட்டிருக்கிறாய். உனக்கு நினைவில் தங்கியது அவர் சொன்ன விஷயம் மட்டும்தானா? இது குற்றமா, வேறு ஏதாவதா என்று என்னால் முடிவு செய்ய இயலவில்லை. ஆறாவது குறையை அடித்துவிடலாமா என்றும் யோசித்தேன். அடிக்கவில்லை. கள்ளிச்செடி வாங்கிய கை உன்னுடையதே.

ஆனால் வெள்ளியன்று நான் விடைபெற எழுந்தபோது அவர் சொன்னார், ‘ஆறுதலுக்குச் சொல்றீங்க சார்.’ ஆறுதலுக்காக நான் பொய் சொல்லி நீ பார்த்திருக்கிறாயா? இருபத்திரண்டாம் தேதிக்குப் பிறகு அந்த வீட்டில் என் வார்த்தைக்கு மதிப்பில்லை, அதுவே நியாயமும்கூட. ஆகவே நீ எழுத வேண்டும். எனக்கு அல்ல, அவருக்கு. உன் கையால், தமிழில், பிழைகளோடு இருந்தாலும் பாதகமில்லை. மன்னிப்பு ஒரு வரிக்கு மேல் வேண்டாம். அந்த ஸ்கூட்டரில் அவர் உன்னிடம் என்னென்ன பேசினார் என்று நினைவிருப்பதை எழுது. நினைவில்லாததைக் கற்பனை செய்யாதே, அவர் கண்டுபிடித்துவிடுவார். மஞ்சள் முகப் பொம்மைகள் போடாதே. எந்தப் பரிசும் அனுப்பாதே. எழுதிய தாளைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு, அச்செடுத்துக் கொடுக்கிறேன். நான் அவருக்கு எழுதியது மேசைமேல் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே கொடுப்பேன்.

காதை மூடும் குல்லாய் இல்லாமல் வெளியே போகாதே. இரவு உணவைத் தள்ளிப்போடாதே. எங்கும் யாருக்கும் தலைகுனியாமல் நீ நீடூழி வாழ வேண்டும். அம்மா தன் ஆசியைத் தனியாகத் தொலைபேசியில் சொல்வாள், என்னோடு சேர்த்து எழுத வேண்டாம் என்கிறாள்.

உன் அப்பா,
முரளிதரன்

நினைவூட்டல்: வரும் சனிக்கிழமை காலை நடைக்கு வருவதாக அவர் தலையாட்டியிருக்கிறார். ஆறு மாதம் கேட்டு எனக்கு மனப்பாடமான பத்திரிகை வாசகத்தின் நகல் ஒன்று, நானே எழுதியது, என் பையில் இருக்கிறது. உன் எழுத்துமூலமான பதில் ஜனவரி 10, வெள்ளிக்கிழமை, இந்திய நேரம் மாலை ஆறு மணிக்குள் என் கையில் இருக்க வேண்டும். தொலைபேசி அழைப்பு பதிலாக ஏற்கப்படாது.