மணலுக்குள் ஒரு மரி

வெள்ளிக்கிழமை, இரவு.

இன்று ஒரு பெயரை நானே வாசித்தேன். இந்த வயதில் எழுத்துப் பழகியவனுக்கு அது பெரிய சந்தோஷம். ஆனால் நித்திரை வரவில்லை.

மணற்காட்டு மேட்டில் ஊற்று வருவதைப் படம் எடுக்க வேண்டும் என்று மகள் ரீற்றா கூட்டிப்போனாள். கையால் தோண்டினாலே அங்கே நல்ல தண்ணீர் வரும். முழங்கை ஆழத்தில் ஈரம் தட்டியது. கூடவே ஒரு பலகை. சிலுவையின் கை. கடல் ஊருக்குள் வந்தபோது செத்தவர்களைப் புதைத்த இடத்தை மணல் மூடியிருக்கிறது.

பலகையில் ‘மரி’ என்று இருந்தது. மிச்சம் உக்கிவிட்டது. என் மனைவி மரியதிரேசாவும் அங்கேதான் கிடக்கிறாள். எந்தச் சிலுவை என்று வாசிக்க அன்று எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் பாதிப் பெண்களுக்குப் பெயர் மரியில்தான் தொடங்கும்.

அதற்குள் தண்ணீர் ஊறியது. மகள் அள்ளிக் குடித்தாள்.

“இளநி மாதிரி இருக்கு. நீங்களும் குடியுங்கோவன் அப்பா. உதென்ன கட்டை?”

“ஆரின்ரையோ வேலிக்கட்டை, பிள்ளை.”

“அதுக்கேன் இந்த முகம்? கலியாண வீட்டிலை மாப்பிள்ளையளும் இப்பிடித்தான் நிக்கிறவை. கொஞ்சம் சிரியுங்கோ.”

சிரித்தேன். படம் எடுத்தாள். நான் குடிக்கவில்லை. குழியை மூடினேன்.

அது என் மரி என்றால், மகளுக்குத் தண்ணீர் கொடுத்தாள் என்று நினைத்துப் படுக்கலாம். வேறு மரி என்றால், அவளுடைய பிள்ளைகள் இன்னும் அந்தச் சிலுவையைத் தேடிக்கொண்டிருப்பார்கள். நான் அதை மூடிவிட்டு வந்திருக்கிறேன்.