பதினேழு ராஜாக்கள், பதின்மூன்று ஆட்கள்

மார்ச் 12, வியாழன். காலை 6.40. ராஜாக்கள்: 17.

இந்நேரத்துக்கே வெயில். தங்கை ஹரிணிக்கு நாளை ஜார்ஜியா வரலாற்றில் வாய்மொழித் தேர்வு. அங்கே டாக்டருக்குப் படிக்கப் போனவளுக்கு நானூறு வருடக் கதை எதற்கு? வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் கட்டாயமாம். புத்தகம் தலையணை மாதிரி இருக்கு, சுருக்கித் தா என்றாள். எக்செல்லில் போட்டு அனுப்பியாயிற்று. ராஜா பெயர், யாருக்கு அடங்கினான், எதிர்த்தானா: ஆம் / இல்லை.

ஒரு பக்கம் பாரசீகம், ஒரு பக்கம் துருக்கி, கடைசியில் ரஷ்யா. தைமுராஸ் என்று ஒருவன், பெற்ற தாயையும் இரண்டு மகன்களையும் பாரசீக மன்னன் ஷாவிடம் பிணையாக அனுப்பியிருக்கிறான். தாயைக் கொன்றுவிட்டார்கள். படிக்கப் படிக்க எரிச்சல்.

நான் வேலை பார்க்கும் ராஜபாளையம் மில்லில் நேற்றும் மெஷின் பெல்ட் அறுந்தது. இந்த வாரம் மூன்றாவது.

மார்ச் 13, வெள்ளி.

ஃபெயில். மாலை நான்கு மணிக்கு போன். மில் சத்தத்தில் பாதி காதில் விழவில்லை, வெளியே வந்து பேசினேன்.

"கியோர்கி ஷாவை எதிர்த்தாரு, குர்கின் கான் அடங்கிப் போனாருன்னேன். மேடம் சிரிச்சிட்டாங்க. ரெண்டும் ஒரே ஆளாம்ண்ணே."

"எப்படி ஒரே ஆளு? ஒருத்தன் கலகம் பண்ணிப் பதவி போனவன். இன்னொருத்தன் ஷாவோட தளபதியா காந்தகார்ல செத்தவன்."

"அவரேதான் அங்க போயிருக்காரு. ஊருல ஒரு பேரு, ஷா அரமனையில ஒரு பேரு. இங்க நான் ஹரிணி, வீட்டுல பேச்சி. நான் என்ன ரெண்டு பேரா?"

போனிலேயே அட்டவணையைத் திறந்தேன். அவள் நிறுத்தவில்லை.

"எங்கண்ணன் இன்ஜினியரு, தப்பாப் போட மாட்டான்னு வேற வாதாடுனேன். அதுலதான் அவங்களுக்குக் கோவம்."

பார்த்தேன். எரெக்லே, நசர் அலி கான்: அதுவும் ஒரே ஆள். இன்னும் இரண்டு ஜோடி அப்படி. 17 வரி, 13 ஆள். அடுத்த வெள்ளி மறுதேர்வு, ஒரே ஒரு வாய்ப்பு. அதுவும் போனால் ஒரு வருடம் வீண்.

மார்ச் 14, சனி.

மடவார் வளாகத்தில் எங்கள் வீடு. புழுக்கம். அப்பாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. பட்டாளத்தில் இருந்து வந்தவர், ஒரே முடிவுதான்.

"கதைப் பாடத்துலயே போயிட்டாள்னா அங்க என்னத்தப் படிக்கா? பேச்சிய வரச் சொல்லுலே. போதும். டிக்கெட்டப் போடு."

"செத்த பொறுங்க. ஒரு பாடத்துக்கா?" என்றாள் அம்மா.

"நீ சும்மா இரு. பட்டாளத்துல குறி தப்புனவனுக்கு மறுபடி துப்பாக்கி குடுப்பானா?"

"உங்களுக்குக் குடுத்தாவல்லா? மூணு தடவ தப்புனேன்னு நீங்கதான சொன்னீய."

அப்பா பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். முடிவு மட்டும் மாறவில்லை.

அட்டவணை நான் போட்டது என்று சொல்லவில்லை. "அங்க பாடத்திட்டமே சரியில்லப்பா" என்றேன். எட்டு இட்லி சாப்பிட்டேன்.

மார்ச் 15, ஞாயிறு.

அட்டவணையைத் திரும்பப் போடுகிறேன். ஆம் / இல்லை எவனுக்கும் பொருந்தவில்லை. ஒரே ஆளுக்கு இரண்டும் வருகிறது.

இரண்டாம் எரெக்லே. பாரசீகம் வந்தால் காப்பாற்றுகிறோம் என்று ரஷ்யா எழுதிக் கொடுத்திருக்கிறது. நம்பினான். பாரசீகப் படை வந்து தலைநகர் திபிலிசியை எரித்தபோது ரஷ்யாவிலிருந்து ஒருத்தனும் வரவில்லை. கிழவனும் செத்து, அவன் மகனும் செத்த பிறகு, நாட்டை மொத்தமாக எடுத்துக்கொள்ள மட்டும் வந்தார்கள்.

பகல் 11.15, ஹரிணியின் மெசேஜ்: "அப்பா வந்துருன்னு சொல்றாரு. நீ பக்கத்துலதான இருந்த? ஒண்ணும் சொல்லலையா?"

படித்துவிட்டேன் என்று அவளுக்குக் காட்டியிருக்கும். இன்னும் பதில் போடவில்லை.

இனி:

1. 'எதிர்த்தானா' பத்தியை அழிப்பது.
2. ஒவ்வொரு ராஜாவின் இரண்டு பெயரையும் ஒரே வரியில் போட்டு, புத்தகத்தோடு சரிபார்த்து, மாலைக்குள் அனுப்புவது.
3. டிக்கெட் போடுவதில்லை.
4. அப்பாவிடம் சொல்வது: தப்பு அவளுடையது இல்லை, என்னுடையது. அம்மா பக்கத்தில் இருக்கும்போதே.
5. நான்காவதை முதலில் செய்வது.