சிவப்பு வட்டம்

செவ்வாய்க்கிழமை, ஐப்பசி 18

செல்லம்மா அக்காவின் ரத்தப் பரிசோதனை முடிவு இன்று வந்தது. மூன்று மாதம் உணவை மாற்றியும் சர்க்கரை ஏறித்தான் இருக்கிறது. அக்கா முக்கூடலில் பீடி சுற்றுகிறவர். எங்கள் நீரிழிவு ஆய்வுக்காக, தினமும் சாப்பிட்டதை நோட்டில் எழுதித் தருகிறவர். நோட்டு முழுக்கக் கூழும் கீரையும்தான். சந்தேகப்பட்டு வீட்டுக்கே போனேன்.

"நெசமாவே இதத்தான் சாப்பிட்டியளாக்கா?"

அவர் பீடித் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மொத வாரம் உள்ளதத்தான் எழுதுனேன். ஆறு டீ, ஆறுக்கும் சீனி. நீங்க செவப்பு மையில வட்டம் போட்டு, 'என்னக்கா இது?'ன்னு கேட்டியள்லா. அதுக்குப் பொறவு ஒங்களுக்குப் புடிச்சதத்தான் எழுதுதேம்மா."

அந்த ஆறு டீ எதற்கு என்று அன்றே கேட்டிருக்கலாம். பசி தெரியாமல் பீடி சுற்றத்தான் என்று சொல்லியிருப்பார். நான் பேனாவைத்தான் எடுத்தேன்.

வண்ணார்பேட்டையில் எங்கள் ஆய்வு அலுவலகத்துக்குத் திரும்பியதும் மற்றவர்களின் நோட்டுகளையும் பிரித்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் முதல் வாரத்தில் என் வட்டங்கள். இரண்டாம் வாரத்திலிருந்து முக்கூடலில் ஒருத்தர்கூட டீயில் சீனி போடவில்லை.