இடது பக்கத்து சீட்டு

கோலா தெர்லா,
14.10.1978

அன்புள்ள நீலாவதிக்கு,

நீ நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன். மாமாவுக்கும் அத்தைக்கும் என் வணக்கத்தைச் சொல். மாமா உன்னைத் தாப்பாவில் உங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போய் நாற்பத்தோரு நாள் ஆகிறது. இது நான் எழுதும் மூன்றாவது கடிதம்.

இங்கே தினமும் மழை. உன் ரோஜாச் செடிகளைப் பக்கத்து வீட்டுப் பாஞ்சாலை அக்கா பார்த்துக்கொள்கிறார். எனக்குச் சோறும் அவர் வீட்டிலிருந்துதான் வருகிறது. என்னோடு மட்டும் பேசுவதில்லை. தட்டை வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்.

காரைப் பற்றி எழுதாமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை. ஈப்போ பக்கம் மலையேறும் கார்ப் போட்டி என்று என் கூட்டாளி விஜயன் சொன்ன நாளிலிருந்து எனக்குக் கிறுக்குப் பிடித்திருந்தது. நம் பழைய இரண்டு கதவு டாட்சனுக்கு வேறு எஞ்சின் வாங்க நமக்கு வக்கில்லை. பாரத்தைக் குறைத்தால் இதே எஞ்சின் பறக்கும் என்றான் அவன். பின் சீட்டு, கம்பளம், கதவின் உள்பக்க அட்டை, ஸ்பேர் டயர் என்று ஒவ்வொன்றாகக் கழற்றினேன். சாயங்காலம் தேயிலைக் கொழுந்து நிறுத்து முடிந்ததும் அதே தராசில் அவற்றைத் தொங்கவிட்டு எத்தனை ராத்தல் எடை என்று பார்த்தேன். கடைசியாக இடது பக்கத்து சீட்டு. இருபத்தாறு ராத்தல். அடுத்து என்னையும் தராசுல மாட்டிருவீங்க போல இருக்குலா என்று நீ சிரித்தாய். அப்போது உனக்கு எட்டாம் மாதம். போட்டி முடிந்த மறுநாளே திரும்ப மாட்டிவிடுகிறேன், பிரசவத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறதே என்று சொல்லி, சீட்டை ஃபாக்டரி ஸ்டோரில் வைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே உனக்கு வலி கண்டுவிட்டது. தோட்டத்து வேன் ஒரு கல்யாணத்துக்குக் கீழே போயிருந்தது. ஸ்டோர் கணக்கெழுதும் கிராணியும் சாவியோடு அதில்தான் போயிருந்தார். கொழுந்துச் சாக்கை நாலாக மடித்து வெறும் தகரத்தில் போட்டு உன்னை உட்கார வைத்தேன். வளைவுகளில் பிடித்துக்கொள்ள உனக்கு ஒன்றுமில்லை. கதவின் கைப்பிடியையும் கழற்றியிருந்தேன். என் முழங்காலைப் பிடித்துக்கொண்டாய். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், கியா பார்ம் ஏற்றத்தில் உன் பிடி தளர்ந்தது. அப்போதும் நான் சாலையைத்தான் பார்த்தேன்.

எப்படிக் கொண்டுவந்திருந்தாலும் பிள்ளை தங்கியிருக்காது, கொடி சுற்றியிருந்தது என்று டாக்டர் சொன்னார். உன்னிடமும் சொல்லியிருப்பார். நம்பத்தான் பார்க்கிறேன். நர்ஸ் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தபோது, நாலு ராத்தல்கூட இருக்காது என்று என் மனம் தானாகக் கணக்குப் போட்டது நீலா. இதை யாரிடமும் சொல்லவில்லை. இப்படிப்பட்டவனோடு நீ எப்படி வாழ்வாய் என்று எனக்கே தெரியவில்லை. ஆனாலும் நீ திரும்பி வரவேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

போட்டிக்கு நான் போகவில்லை. கழற்றியதை எல்லாம் திரும்ப மாட்டிவிட்டேன். உனக்கு அந்தக் காரைப் பார்க்கப் பிடிக்காது என்றால் விற்றுவிடுகிறேன்.

வரும் சனிக்கிழமை பஸ்ஸில் தாப்பா வருகிறேன். வாசலிலேயே நிற்கிறேன், உள்ளே கூப்பிட வேண்டாம். உன் உடம்பு தேறவேண்டும், நன்றாகத் தூங்கவேண்டும் என்று தினமும் மாரியம்மனிடம் வேண்டுகிறேன். ஆஸ்பத்திரியிலும் சரி, மாமாவோடு புறப்பட்ட அன்றும் சரி, நீ என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சனிக்கிழமை ஒரு தடவை வெளியே வந்து, என்னை வாய்விட்டுத் திட்டு.

உன்
அர்ஜுனன்