பத்துக் கட்டை தூரம்

ஜூன் 4
பியானோவில் தேர்வு உருப்படி. மறுபடியும் அந்த இடம்தான். இடது கை மூன்று ஸ்வரங்களை ஒன்றாகப் பிடிக்க வேண்டும்; அடி ஸ்வரத்துக்கும் உச்சி ஸ்வரத்துக்கும் பத்து வெள்ளைக் கட்டை தூரம். என் கைக்கு எட்டுக் கட்டையே பெரும்பாடு. இந்த இசையை எழுதினவருக்குக் கையா, முறமா? இது ஏழாம் மாதம் வேறு. வயிறு இடிப்பதால் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளுகிறேன். கை இன்னும் குட்டையாகிறது. கல்லூரியில் நிரந்தர பியானோ வேலைக்கு இருபதாம் தேதி தேர்வு. இத்தனை வருடம் தற்காலிகமாகவே ஓட்டியாயிற்று.

ஜூன் 7
மூன்றையும் கீழிருந்து ஒவ்வொன்றாக உதிர்த்துப் பார்த்தேன். மாடிப்படியில் பாத்திரம் உருளுகிற மாதிரி இருக்கிறது. வலது கையின் பாட்டு அதில் மூழ்கிப்போகிறது. வீட்டுக்காரர் நன்றாகத்தான் இருக்கிறது என்றார். அவருக்குக் குக்கர் விசிலும் நன்றாகத்தான் இருக்கும்.

ஜூன் 10
விரல்கள் வீங்கிவிட்டன. சோப்பு போட்டும் மோதிரம் கழலவில்லை. ஒரு கட்டையை அழுத்தினால் பக்கத்துக் கட்டையும் விழுகிறது. மூடியை அடித்துச் சாத்தினேன். குழந்தை உள்ளே தூக்கிப்போட்டது — பயந்துட்டியா? என்ன பொம்பளை நான்?

ஜூன் 13
உச்சி ஸ்வரம் இடது கைக்குத்தான் என்று யார் சொன்னது? பாட்டு அங்கே கீழே இறங்கி வருகிறது. வலது கட்டைவிரல் சும்மா கிடக்கிறது. அது எடுத்துக்கொள்ளட்டும். மேலே அழுத்தின கட்டையை விடாமலே சுண்டுவிரலுக்குப் பதில் மோதிர விரலை நுழைக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரே ஒரு தடவை சரியாக வந்தது. அழுதேன்.

ஜூன் 15
டாக்டரம்மா ரத்த அழுத்தம் பார்த்தார். மறுபடி பார்த்தார். படுக்கையை விட்டு எழக்கூடாதாம். தேர்வு இருக்கிறதே என்றேன். "அது அடுத்த வருஷமும் வரும்மா." வராது. அந்த வேலை காலியாவதே அத்தி பூத்தாற்போல.

ஜூன் 16
போர்வைமேல் விரல் ஓட்டுகிறேன். சத்தமே இல்லாமல் தப்பாக வருகிறது.

ஜூன் 18
கல்லூரியில் என்னோடு வாசிக்கிற சின்னவள் போன் செய்தாள். அவளும் தேர்வுக்குப் போகிறாள். "அக்கா, அந்த இடம் எனக்கு எட்டவே மாட்டேங்குது. நீங்க எப்படிப் பண்றீங்க?" தூக்கம் வருகிறது என்று வைத்துவிட்டேன். எனக்கு இல்லைன்னா யாருக்கும் — சீ.

ஜூன் 19
நானே அவளைக் கூப்பிட்டு அந்த விரல் யோசனையைச் சொன்னேன். போனைப் பியானோமேல் வைத்து வாசித்துக் காட்டினாள். சுண்டுவிரலை அவசரமாக எடுத்தாள், திருத்தினேன். கடைசியில் வந்துவிட்டது. என் கையில் ஒரே ஒரு தடவை வந்தது.

ஆகஸ்ட் 24
சின்னவள் பாப்பாவைப் பார்க்க வந்தாள். வேலை அவளுக்குத்தான். தேர்வாளர்கள் அந்த இடத்தை மறுபடி வாசிக்கச் சொல்லி, விரல் யோசனை யாருடையது என்று கேட்டார்களாம்.
"என்னோடதுன்னு சொல்லிட்டேன்க்கா."
அழுதாள். பாப்பாவுக்குப் பசி என்று சொல்லி, சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். பாப்பா தூங்கிக்கொண்டுதான் இருந்தாள்.