இறங்கிப் பார்த்த இடங்கள்

அன்பு மகள் வினோதாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சாமி புண்ணியத்தில் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அதே போல நீயும் மாப்பிள்ளை பாஸ்கரனும் குழந்தையும் அந்தப் போலந்துக் குளிரில் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறோம். மாப்பிள்ளை என்ற சொல்லை நான் எழுதுவது இதுதான் முதல் தடவை, எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ அம்மாவுக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜை அவள் எனக்கு நாலு தடவை போட்டுக் காட்டினாள். அடுத்த மாதம் வருகிறோம், கடைசி வாரம் வெள்ளி, சனி, ஞாயிறு மூணு நாள் ஓசூரில் இருப்போம், ஓட்டலில் ரூம் போட்டாச்சு, எங்க சாப்பிடலாம், எங்க என்ன வாங்கலாம், பாப்பாவுக்குக் காட்ட மியூசியம் எதாச்சும் இருக்குதா, அப்பாவுக்குத்தான் ரூட்டெல்லாம் தெரியும், கேட்டுச் சொல்லும்மா என்று சொல்லியிருந்தாய். வீட்டுக்கு வருகிறேன் என்று நீ சொல்லவில்லை, அது எனக்குக் கேட்காமல் இல்லை. ஆனால் அப்பாவுக்குத்தான் தெரியும் என்றாயே, ஆறு வருஷத்துக்குப் பிறகு நீ என்னிடம் ஒன்று கேட்டிருக்கிறாய், அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் பேப்பரில் எழுதுகிறேன். போனில் பேசினால் எனக்கு வாய் குளறும். அம்மா இதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவாள்.

உண்மையைச் சொன்னால், ரூட்டுதான் எனக்குத் தெரியும், ஊர் தெரியாது. இருபத்தாறு வருஷம் கம்பெனி பஸ் ஓட்டியவனுக்கு எந்த வளைவில் எத்தனை குழி என்று தெரியுமே தவிர, எந்த ஸ்டாப்பிலும் நான் இறங்கினது கிடையாது. போன வருஷம் ரிடையர் ஆனேன். சரி, மகள் கேட்டிருக்கிறாள், தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதக் கூடாது என்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறி ஒவ்வொரு இடமாகப் போய் இறங்கிப் பார்த்துவிட்டு வந்தேன். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து போவது எவ்வளவு சுகம் என்று இத்தனை வருஷம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் டிரைவர் ஓட்டுகிற லட்சணத்தைப் பார்த்து என் வலது கால் தானாகப் பிரேக் போட்டுக்கொண்டே வந்தது, அம்மா பார்த்துச் சிரித்தாள்.

முதலில் சாப்பாடு. ஓசூர் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி இட்லி தோசைக்குப் பஞ்சமில்லை, ஆனால் சாம்பாரைக் கொஞ்சம் கேட்டுக்கொண்டு ஊற்றிக்கொள்ளுங்கள், பாதிக் கடையில் கர்நாடகத்துப் பழக்கத்தில் வெல்லம் போடுகிறார்கள், மாப்பிள்ளை திருநெல்வேலிக்காரர், அவருக்கு அது பாயசம் மாதிரித்தான் இருக்கும். பிரியாணியை மந்தாரை இலைத் தொன்னையில் வைத்துத் தருகிற கடைகள் நிறைய இருக்கின்றன, பன்னிரண்டு மணிக்கே போய்விட வேண்டும், ஒன்றரைக்கு மேல் அடிப்பிடித்ததுதான் கிடைக்கும். கிருஷ்ணகிரியில் பழைய பேட்டைப் பக்கம் சென்னம்மா என்று ஒரு அம்மா மெஸ் வைத்திருக்கிறார், சுத்தம், காரம் அளவு, குழந்தைக்கு என்று கேட்டால் ரசத்தைத் தனியாக எடுத்துத் தருகிறார். மாம்பழத்துக்கு நீங்கள் கொஞ்சம் தாமதம்தான், நீலம் மட்டும் இருக்கும், அதையும் வண்டு பார்த்து வாங்க வேண்டும். தண்ணீர் மட்டும் குழந்தைக்குக் காய்ச்சிக் கொடு. தளிப் பக்கம் போனால் பூவும் காய்கறியும் தோட்டத்திலேயே வாங்கலாம், அங்கே கன்னடத்தில் கேட்டால் ஒரு கை கூடப் போடுகிறார்கள், அம்மா எஷ்டு எஷ்டு என்று விலை கேட்டு ஒரு பை நிறைய பீன்ஸ் வாங்கிவிட்டாள், நாலு நாளாக பீன்ஸ்தான் சாப்பிடுகிறோம். தளியில் குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள் என்று எழுதச் சொல்கிறாள், பனியில் நடக்கிறவர்களுக்குத் தளிக் குளிர் எந்த மூலைக்கு என்று சொன்னேன், அவள் கேட்கவில்லை, அதனால் எழுதிவிட்டேன்.

கடைக்குப் போவதென்றால் வெள்ளிக்கிழமை குந்தாரப்பள்ளி சந்தைக்குப் போ. ஆடு மாடு ஒரு பக்கம், சட்டி பானை, கயிறு, துணி எல்லாம் ஒரு பக்கம், விடியற்காலையில் போனால் ஆட்டுக் கூட்டத்தைப் பார்த்துக் குழந்தை குதிக்கும். அங்கே நான் ஒரு வளையல் கடை முன்னால் நின்றுவிட்டேன். கடைக்காரர் லால் பாஷா என்பவர், பாப்பாவுக்கு என்ன சைசுங்க என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை வினோதா. ஐந்து வயசு என்றேன், அவர் கை தடியா ஒல்லியாங்க என்றார், அதற்கும் தெரியவில்லை. அம்மா போனில் போட்டோவைத் தேடிக்கொண்டிருந்தாள், எல்லாப் போட்டோவிலும் பிள்ளை முழுக்கைக் கோட்டுப் போட்டிருக்கிறது. கடைசியில் மூன்று அளவிலும் ஒவ்வொரு டஜன் சிவப்பு வளையல் வாங்கினேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், வேகத்தடை வரும்போதெல்லாம் பயமாக இருந்தது.

மியூசியம் கிருஷ்ணகிரியில் இருக்கிறது, காந்தி ரோட்டில். சந்தையை முடித்துக்கொண்டு அன்றைக்கே அங்கே போனோம், கதவு பூட்டியிருந்தது. வாசலைக் கூட்டிக்கொண்டிருந்த வெங்கடம்மாள் என்ற பெண், நான் சூளகிரிக்காரன் என்று சொன்னதும், வெள்ளிக்கெழம லீவுங்க, இத்தன வருசமா இந்தப் பக்கமே இருக்கறீங்க, தெரியாதுங்களா என்று கேட்டது. அந்த ரோட்டில் எத்தனை தடவை வண்டி ஓட்டியிருப்பேன், உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு நாள் திரும்பிப் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போனோம். பெரிய கட்டடம் இல்லை, ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம், ஆனால் நடுகற்கள் வைத்திருக்கிறார்கள், அதைக் குழந்தைக்குக் கட்டாயம் காட்டு. ஒரு கல்லில் ஒருத்தன் வில்லைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், உடம்பெல்லாம் அம்பு, பக்கத்தில் சின்னதாக மாடுகள். ஊர் மாட்டைப் பிடித்துக்கொண்டு போனவர்களை மறித்து நின்று செத்தவனாம், ஓடியிருந்தால் பிழைத்திருப்பானாம், வெங்கடம்மாள்தான் சொன்னது. நான் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அம்மா என் பக்கம் திரும்பாமலே சொன்னாள், மாட்ட மீட்கறதுக்கு நின்னவனுக்கு ஊரே கல்லு வெச்சிருக்குது, பெத்த பொண்ணு கையக் காட்டிக்கிட்டு நிக்கும்போது ஒரு நிமிசம் நிக்காத ஆளுக்கு என்னாத்த வெக்கறது என்று. வெங்கடம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. ஆறு வருஷத்தில் அவள் இதைப் பற்றி என்னிடம் பேசினது அந்த ஒரு தடவைதான்.

அதனால் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. நீங்கள் ரிஜிஸ்டர் ஆபீசிலிருந்து நேராக மாலையோடு சூளகிரி ஸ்டாப்பில் வந்து நின்ற அன்று, நான் போனை எடுக்கவில்லை என்பதால்தானே அங்கே வந்தாய், வண்டி வரும் நேரம் மட்டும் மாறாது என்று உனக்குத் தெரியும். மத்தியானம் ஒன்று பத்துக்கு வண்டி அந்த ஸ்டாப்புக்கு வர வேண்டும். நீ கையைக் காட்டினாய், நான் பார்த்தேன், நீ என்னைப் பார்த்ததையும் பார்த்தேன், வண்டியை நிறுத்தவில்லை. லேட்டாகிவிட்டது, ஐம்பத்திரண்டு பேருக்கு அரை நாள் சம்பளம் போயிருக்கும், வெளி ஆளுக்கு வண்டியை நிறுத்தக் கூடாது என்று ரூல் என்று உன் அம்மாவிடம் சொன்னேன், சொந்தக்காரர்களிடம் பெருமையாகவும் சொன்னேன். திம்மராயன் வண்டியைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்று என்னைச் சொல்வார்களே, அதனால் எல்லோரும் நம்பினார்கள். அது பொய். அன்றைக்கு நான் நாலு நிமிடம் முன்னதாக வந்திருந்தேன். அங்கே ஏறுகிற மூன்று பேரும் அந்த வாரம் காலை ஷிப்ட், அதனால் நிறுத்தாமல் போக வசதியாக இருந்தது. அடுத்த ஸ்டாப்பில் போய் அந்த நாலு நிமிடத்தையும் எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்து கழித்தேன். உனக்காகச் செலவழித்திருக்க வேண்டிய நிமிடங்கள் அவை. மாப்பிள்ளை வேறு சாதி என்பதைத் தவிர அவரிடம் ஒரு குறையும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை, அதைக் குறை என்று நினைத்தது என் குறை. அவரிடமும் இதைப் படித்துக் காட்டு. வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் காட்டு.

ஓட்டல் ரூமைக் கேன்சல் பண்ணச் சொல்ல எனக்கு வாய் இல்லை. உன் இஷ்டப்படி தங்கு. ராகிக் களியும் கீரைக் குழம்பும் நல்லதாக எங்கே கிடைக்கும் என்று தேடினேன், அலைந்து பார்த்ததில் உன் அம்மா கிளறுவது மாதிரி எந்தக் கடையிலும் இல்லை, வேண்டுமானால் அதையும் உன் லிஸ்டில் சேர்த்துக்கொள். நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும், குழந்தை நன்றாகப் படித்து உன்னைப் போலவே தைரியமாக வளர வேண்டும், அப்பாவின் ஆசி எப்போதும் உண்டு, நான் கொடுக்காமல் வைத்திருந்த வருஷங்களிலும் அது உனக்குத்தான் இருந்தது. மறக்காதே, மியூசியம் வெள்ளிக்கிழமை கிடையாது, அதனால் வெள்ளி சந்தை, சனி மியூசியம் என்று வைத்துக்கொள். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமையும் மியூசியம் லீவாம், நீங்கள் வருவது இரண்டாம் சனி இல்லை என்று காலண்டரில் பார்த்துவிட்டேன். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் போகிற வண்டி சூளகிரியைத் தாண்டித்தான் போக வேண்டும். சனிக்கிழமை காலை எட்டு மணியிலிருந்து நான் அந்த ஸ்டாப்பில் வளையலோடு நிற்பேன், நீங்கள் வாடகைக்கு எடுக்கிற கார் எந்தக் கலர் என்று தெரியாததால் எல்லா வண்டிக்கும் கையைக் காட்டுவேன். நிறுத்துவதும் நிறுத்தாததும் உன் இஷ்டம் கண்ணு. நீ நிறுத்தாமல் போய்விட்டால், சாயங்காலம் நீங்கள் திரும்பி வரும்போது ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நிற்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
கோ. திம்மராயன்
சூளகிரி