ஒரே சட்டிச் சோறு

செங்கல்பட்டு சிறை,
3.2.2025

அன்புள்ள ரஞ்சிதாவுக்கு,

நலம் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. உன் காயம் ஆறுகிறதா?

அன்று உன்னை வண்டியில் அழைத்துப் போகத்தான் மாமல்லபுரம் வந்தேன். அந்த ஸ்பெயின்காரி கடையில் சமைக்கத்தானே உன்னை அனுப்பினேன்? நீயோ நாலு வெள்ளைக்காரர்களோடு மேசையில் உட்கார்ந்து, ஒரே சட்டியில் கரண்டி விட்டுச் சாப்பிடுகிறாய். சிரிப்பு வேறு. பூண்டு இறால் கொதித்த எண்ணெய்ச் சட்டி கைக்கு எட்டியது. ஊற்றிவிட்டேன்.

கோர்ட்டிலிருந்து நடுவர் வாக்குமூலம் வாங்க வந்தால், சட்டி கை தவறி விழுந்தது என்று சொல். நீ சொன்னால்தான் எனக்கு விடிவு. மனு போட்டு என்னைப் பார்க்க வந்த அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உன் அரசு

செங்கல்பட்டு ஆஸ்பத்திரி,
7.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

காதிலிருந்து தோள்வரை தோல் உரிந்துவிட்டது. கட்டுப் பிரிக்கும்போது கத்தாமலிருக்கத் துணியைக் கடித்துக்கொள்கிறேன்.

நீங்கள் ஸ்பெயின்காரி என்கிற பிலார் அம்மா தன் வீட்டுச் சமையலைத்தான் கடையில் போடுகிறார். சமைத்தவள் உட்காராமல் யாரும் கரண்டியைத் தொடக் கூடாது என்பது அவர் வீட்டு வழக்கம். எனக்கும் முதலில் கூச்சம்தான். பதினான்கு வருஷமாக உங்கள் மிச்சத்தைத்தானே சாப்பிட்டேன்? அன்று இறாலும் கடம்பா மீனும் போட்ட மஞ்சள் சோறு, சுடச்சுட. ருசியாக இருந்தது மாமா, சிரித்தேன்.

கை தவறியது என்றே சொல்கிறேன். திவ்யாவுக்கு அப்பா வேண்டும்.

உங்கள் ரஞ்சிதா

செங்கல்பட்டு சிறை,
12.2.2025

அன்பு ரஞ்சிதா,

உன் கடிதம் பார்த்துத்தான் உயிர் வந்தது. மருந்தை வேளைக்குப் போடு.

நான் வந்ததும் சதுரங்கப்பட்டினம் வீட்டோடு இரு. மறுபடி அந்தக் கடை வாசலை மிதித்தால் எண்ணெயோடு விடமாட்டேன், கழுத்தை அறுப்பேன். விளையாட்டுக்கு எழுதவில்லை.

அரசு

மாமல்லபுரம்,
19.2.2025

அரசு அவர்களுக்கு,

முந்தாநாள் நடுவர் வந்தார். உங்கள் மிரட்டலைப் படித்த பிறகும் பொய் சொல்லத் தயாராகத்தான் படுத்திருந்தேன். என் புத்தி அப்படி. அதற்கு முன் திவ்யா வந்தாள்.

நீங்கள் எண்ணெய் ஊற்றிய அன்று பள்ளி விட்டு வந்து, அவள் கடை அடுக்களையில் எலுமிச்சம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தாள். உங்களுக்குத் தெரியாது. "இன்னாடி, கண்டவன்கூட குந்திகினு துன்ற?" என்று நீங்கள் கத்தியது, இரண்டு கையாலும் சட்டியைத் தூக்கி ஊற்றியது, விழுந்த என் வயிற்றில் மிதித்தது எல்லாம் பார்த்திருக்கிறாள்.

"கை தவறிச்சுன்னு சொல்லப் போறியாமே, பெரியப்பா சொன்னாரு. என்னியும் கேட்டா அப்டியே சொல்லணுமாம்மா? பயமா கீது" என்றாள்.

நடந்ததை நடந்தபடியே நடுவரிடம் சொல்லிவிட்டேன்.

இப்போது பிலார் அம்மா வீட்டில் இருக்கிறோம். நீங்கள் எப்போது வெளியே வருவீர்கள் என்று திவ்யா தினமும் கேட்கிறாள். அதற்கு முன்னால் வேறு ஊருக்குப் போய்விட வேண்டுமாம்.

ரஞ்சிதா